வாங்கும் கையும் வருந்தும் கையும்

சென்ற பருவத்தில் நம் துறையின் பொருளியல் மன்றத்தில் ஒரு சொற்போர் நடந்தது. "அடக்குமுறை ஆட்சி நடக்கும் நாட்டின் பொருளை நாம் வாங்கலாமா?" என்பது தலைப்பு. வாங்கவே கூடாது என்ற அணியில் நான் பேசினேன். 2013-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் தமிழகக் கல்லூரி மாணவர்கள் ஈழத் தமிழர்க்காக வகுப்பறைகளை விட்டுத் தெருவுக்கு வந்ததையும், போராட்டம் பரவியதால் கல்லூரிகளுக்கே விடுமுறை விடப்பட்டதையும் நினைவூட்டினேன். "இலங்கைத் தேயிலைப் பொட்டலத்தைக் கண்டால் கடையிலேயே கிழித்தெறிவோம்!" என்று முடித்தேன். கைதட்டல் எழுந்தது. எனக்கும் மகிழ்ச்சிதான்.

அப்போது பின்வரிசையிலிருந்து என் வகுப்புத் தோழன் ஒருவன் எழுந்தான். அவன் புழல் காவாங்கரை முகாமிலிருந்து வருபவன். இங்கேயே பிறந்தவன், ஆயினும் அவன் சட்டைப்பையில் இருப்பது அகதி அடையாள அட்டை. அதிகம் பேசாதவன். அன்று பேசினான்.

"எங்க அம்மாயியோட தங்கச்சி இன்னும் அட்டன் பக்கம் தோட்டத்துலதான் இருக்காங்க. அவங்க மக கொழுந்து பறிக்கிறாங்க. நீ கிழிக்கச் சொன்ன பொட்டலத்துல இருக்கிறது அவங்க பறிச்ச கொழுந்தா இருக்கலாம். அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

நான் விடை சொல்லவில்லை. மணி அடித்துவிட்டது. பரிசு எங்கள் அணிக்குக் கிடைத்தது. ஆனால் கேள்வி என்னுடன் வீட்டுக்கு வந்தது. அன்று சொல்லத் தெரியாத விடையைத் தேடிப் படித்தவற்றையே இக்கட்டுரையில் தொகுத்துத் தர முயல்கிறேன்.

அம்மா தைக்கும் லேபிள்

என் தாயார் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் ஏற்றுமதி ஆடை தைக்கும் ஒரு தொழிற்கூடத்தில் பதினெட்டு ஆண்டுகளாக வேலை செய்கிறார். பட்டரைவாக்கம் நிலையத்தில் இறங்கி நடந்து செல்லும் நூற்றுக்கணக்கான பெண்களுள் அவரும் ஒருவர். சட்டைக் காலரின் உட்புறத்தில் லேபிள் தைப்பது அவர் வேலை. எந்த நாட்டில் தைத்த சட்டை என்று உலகுக்குச் சொல்லும் அந்தச் சிறு துணித்துண்டு நாள்தோறும் அவர் விரல்களின் வழியே போகிறது.

சொற்போர் நடந்த அன்றிரவு அவரிடம் இதைச் சொன்னேன். அவர் சிரித்தார். "லேபிள்ல ஊர் பேரு இருக்கும்ப்பா. எம் பேரா இருக்கு?" என்றார். பிறகு சற்று நேரம் கழித்து, "2020-ல நோய் வந்தப்ப வெளிநாட்டுக்காரங்க ஆர்டர் வேணாம்னாங்க. முதலாளிக்கு முன்னாடி எங்களுக்குத்தான் அடி விழுந்துச்சு. மறந்துட்டியா?" என்றார்.

மறக்கவில்லை. அந்த மூன்று மாதமும் வீட்டில் அடுப்பு எரிந்தது கடனில்தான். வாங்குபவர் கையை மடக்கினால் முதலில் வாடுவது தைப்பவர் வயிறு என்பது எங்கள் வீட்டுக்கு வெள்ளிடைமலை. அப்படியானால் புறக்கணிப்பு என்பதே தவறா? கொடுமை செய்வோர்க்கு நம் காசு போய்ச் சேர்ந்தாலும் நாம் வாளாவிருக்க வேண்டியதுதானா? வரலாறு என்ன சொல்கிறது என்று காண்போம்.

கேள்வியின் பழமை

இக்கேள்வி புதிதன்று. 1791-இல் அடிமை வாணிகத்தை ஒழிக்கும் மசோதாவை ஆங்கிலப் பாராளுமன்றம் தள்ளிவிட்டது. சட்டம் செய்யாததை நாம் செய்வோம் என்று இங்கிலாந்தின் குடும்பங்கள் பல மேற்கிந்தியத் தீவுகளின் சர்க்கரையை விட்டன. அக்காலத்துப் பெண்களுக்கு வாக்குரிமை இல்லை. ஆனால் வீட்டுக்கு எந்தச் சர்க்கரை வரலாம் என்று தீர்மானிக்கும் உரிமை இருந்தது. அந்த உரிமையை அவர்கள் வாக்காகப் பயன்படுத்தினர். 1807-இல் அடிமை வாணிகமும், 1833-இல் இயற்றிய சட்டத்தால் குடியேற்ற நாடுகளில் அடிமை முறையும் ஒழிந்தன.

இதில் நாம் உற்றுநோக்க வேண்டிய ஒன்று உண்டு. 1820-களில் "அடிமைகள் விளைவிக்காதது" என்று எழுதிய கிண்ணங்களில் இந்தியச் சர்க்கரையை வைத்து அவர்கள் உண்டனர். அதே காலத்தில் இந்தியாவிலும் அடிமைத்தனம் இருந்தது. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி அடங்கிய அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தில் பண்ணையாட்கள் நிலத்தோடு கட்டுண்டு கிடந்தனர். அடிமைத்தனத்துக்கு நீதிமன்றங்களின் ஏற்பு இங்கே நீங்கியதே 1843-ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான். ஒரு கொடுமையைத் தவிர்க்க விரும்பியவர்கள் இன்னொன்றைக் காணவில்லை. வாங்குபவனுக்கு நல்லெண்ணம் மட்டும் போதாது, விசாரணையும் வேண்டும்.

நம் நாட்டுச் சுதேசி இயக்கம் எல்லோரும் அறிந்தது. 1906-இல் வ. உ. சிதம்பரனார் தூத்துக்குடியில் கப்பல் நிறுவனம் தொடங்கிய வரலாற்றைப் பள்ளியிலேயே படித்தோம். அதில் அதிகம் பேசப்படாத ஒரு நிகழ்ச்சியை மட்டும் இங்கே கூற விரும்புகிறேன். 1931 செப்டம்பரில் வட்டமேசை மாநாட்டுக்காக இலண்டன் சென்ற காந்தியடிகள், லங்காசயரின் டார்வன் என்னும் நெசவூருக்குச் சென்றார். இந்தியர்கள் அயல்துணியைப் புறக்கணித்தது அங்கே வேலையின்மையைப் பெருக்கியிருந்தது. அந்தத் தொழிலாளர்களின் முகத்தை நேரே பார்த்து, இந்தியச் சிற்றூர்களின் வறுமையை அவர் எடுத்துரைத்தார். அவர்கள் அவரை அன்போடு வரவேற்றனர்.

இதைப் படித்தபோது என் தோழனின் கேள்வி மீண்டும் உறைத்தது. புறக்கணிப்பவன் அதனால் இழப்பவனின் முன்னே போய் நிற்கத் துணிய வேண்டும். மன்றத்தில் கைதட்டல் வாங்கிய நான் அப்படி யார் முன்னும் நின்றதில்லை.

தென்னாப்பிரிக்கா தந்த பாடம்

இத்துறையில் இந்தியா பெருமைப்படத்தக்க இடம் ஒன்று உண்டு. தென்னாப்பிரிக்காவோடு வாணிகத்தை முதன்முதலில் முறித்துக்கொண்ட நாடு இந்தியாவே. ஆண்டு 1946, நாம் இன்னும் விடுதலை பெறவில்லை.

அதற்கு ஒரு தமிழ் வேர் உண்டு. சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்ற கப்பல் 1860 நவம்பரில் ஒப்பந்தக் கூலிகளை டர்பனில் இறக்கியது. கரும்புத் தோட்டங்களில் உழைத்த அவர்களுள் தமிழர் மிகப் பலர். அவர்களின் வழித்தோன்றல்கள் நிலம் வாங்கவும் விரும்பிய இடத்தில் குடியிருக்கவும் தடை விதிக்கும் சட்டம் 1946-இல் வந்தது. இந்தியா வாணிகத் தடை விதித்தது. அவ்வாண்டே சிக்கலை ஐக்கிய நாடுகள் அவைக்கும் கொண்டு சென்றது. அப்போது இந்திய ஏற்றுமதியில் சுமார் 5 விழுக்காடு தென்னாப்பிரிக்காவுக்குப் போய்க்கொண்டிருந்தது. சணல் சாக்கு அதில் முதன்மையானது. வறிய நாடொன்று அந்த வருவாயை விட்டுக் கொடுத்தது.

ஆனால் இங்கே நான் முதன்மையாகக் கருதுவது 1959-ஆம் ஆண்டு நிகழ்ச்சி. அவ்வாண்டு ஜூன் 26-ஆம் நாள் இலண்டனில் தென்னாப்பிரிக்கப் பொருள்களைப் புறக்கணிக்கும் இயக்கம் தொடங்கியது. "இதனால் அங்குள்ள கறுப்பின மக்களே பட்டினி கிடப்பர்" என்று எதிர்ப்பாளர் கூறினர். இதற்கு அம்மக்களின் தலைவர்களே விடை தந்தனர். ஆப்பிரிக்கத் தேசிய காங்கிரசின் ஆல்பர்ட் லுத்துலி, தென்னாப்பிரிக்க இந்தியக் காங்கிரசின் டாக்டர் ஜி. எம். நாயக்கர், லிபரல் கட்சியின் பீட்டர் பிரவுன் ஆகிய மூவரும் ஓர் அறிக்கை விடுத்தனர். புறக்கணிப்பால் தங்கள் மக்களுக்குத் துன்பம் வரும் என்பதை அவர்கள் மறைக்கவில்லை. கொடுமையின் நாளும் குருதி சிந்தும் நாளும் குறையுமானால் அத்துன்பத்தை விலையாகத் தரத் தாங்கள் ஆயத்தம் என்பதே அதன் சாரம். நாயக்கர் டர்பனில் பிறந்த தமிழ் வழியினர் என்பது நமக்குத் தனி மகிழ்ச்சி.

நண்பர்களே, இதுவே வேறுபாடு. துன்பத்தை ஏற்பது யார் என்பதை வாங்குபவர் தீர்மானிக்கவில்லை, துன்புறுவோரே தீர்மானித்தனர்.

அவர்கள் அழைப்புக்கு உலகம் மெல்லச் செவிசாய்த்தது. 1960 மார்ச்சு 21-இல் ஷார்ப்பவில்லில் 69 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். 1962-இல் ஐ. நா. பொதுப்பேரவை தென்னாப்பிரிக்கப் பொருள்களை வாங்க வேண்டாம் என உறுப்பு நாடுகளைக் கேட்டது. 1974-இல் டேவிஸ் கோப்பை டென்னிசு இறுதியாட்டத்துக்கு இந்தியா தகுதி பெற்றது. எதிரணி தென்னாப்பிரிக்கா. நம் சென்னையின் அமிர்தராஜ் உடன்பிறப்புகள் இருந்த அந்த அணி ஆடாமலே கோப்பையை விட்டது. இன்றுவரை அக்கோப்பை நமக்குக் கிடைக்கவில்லை.

1984-இல் அயர்லாந்தின் டப்ளின் நகரில் ஒரு பெரிய கடையில் பணியாற்றிய மேரி மானிங் என்ற இளம்பெண், தென்னாப்பிரிக்கப் பம்பளிமாசுக்கு விலைச்சீட்டுப் போட மறுத்தார். அவர் தற்காலிக வேலை நீக்கம் செய்யப்பட்டார். உடன் பணியாளர் சிலர் வெளியே வந்தனர். வேலைநிறுத்தம் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் நீடித்தது. 1987-இல் அயர்லாந்து அரசே தென்னாப்பிரிக்கப் பழங்களையும் காய்கறிகளையும் தடை செய்தது. இவர்கள் கிழித்தெறிந்து கைதட்டல் பெற்றவர்கள் அல்லர், சம்பளத்தை இழந்தவர்கள்.

முடிவும் பாடமே. 1993 செப்டம்பரில் நெல்சன் மண்டேலா ஐ. நா. அவையில் நின்று, தடைகளை நீக்குங்கள் என்று தாமே கேட்டார். 1994 ஏப்ரலில் எல்லா இனத்தவரும் வாக்களித்தனர். மூடச் சொன்னவர்களே திறக்கவும் சொன்னார்கள்.

தங்கத்துக்கு ஊர் உண்டா?

இவ்வளவு பெருமைக்கு நடுவே ஒரு முள்ளும் உண்டு. 1970-ஆம் ஆண்டை ஒட்டி உலகத் தங்கத்தில் பாதிக்கு மேல் தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களிலிருந்து வந்தது. குடும்பத்தைப் பிரிந்து அடைப்பு விடுதிகளில் தங்கிய கறுப்பினத் தொழிலாளர்கள் அதைத் தோண்டினர். அந்நாளில் இந்தியாவில் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தது. 1968 முதல் 1990 வரை அது நடப்பிலிருந்தும், துபாய் வழியாகப் பத்துத் தோலா பிஸ்கட்டுகள் கள்ளத்தனமாக வந்துகொண்டேயிருந்தன. உருக்கிவிட்டால் தங்கத்துக்கு ஊருமில்லை, பேருமில்லை.

என் பாட்டியின் திருமணம் 1972-இல் நடந்தது. அவருடைய சங்கிலி இன்று அம்மாவின் கழுத்தில் இருக்கிறது. அது எந்தச் சுரங்கத்துப் பொன்? யாராலும் கூற இயலாது. முதன்முதல் தடை விதித்த நாட்டின் மணப்பெண்கள் கழுத்தில், தடை செய்யப்பட்ட நாட்டின் பொன் ஒளிர்ந்திருக்கக் கூடும்.

இன்றும் இதே சிக்கல்தான், பொருள் மட்டும் வேறு. சீனாவின் சின்சியாங் பகுதியில் உலகப் பருத்தியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு விளைகிறது. அங்கே உய்குர் மக்கள் கட்டாய வேலைக்கு உட்படுத்தப்படுகின்றனர் என்ற குற்றச்சாட்டால், அப்பகுதிப் பொருள் எதையும் கட்டாய உழைப்பால் ஆனதாகவே கருதும் சட்டத்தை அமெரிக்கா 2021-இல் இயற்றியது. 2022 ஜூன் முதல் அது நடப்புக்கு வந்தது. அன்று என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு இறக்குமதி செய்பவருடையது. சீன அரசு இக்குற்றச்சாட்டை மறுக்கிறது. பஞ்சு நூலாகி, நூல் துணியாகி, துணி சட்டையாகும் வழியில் பல நாடுகளைக் கடக்கிறது. காலரில் ஒரே ஓர் ஊரின் பெயர்தான் இருக்கும். லேபிளை நம்பி அறம் செய்வது எளிதன்று என்பதை அதைத் தைப்பவரின் மகனாகிய நான் உணர்கிறேன்.

தேயிலைச் சிக்கல்

இனி என் தோழனின் கேள்விக்கு வருவோம்.

இலங்கையின் மலையகத் தோட்டங்களில் உழைப்போர் பெரும்பாலும் தமிழர். அவர்கள் முன்னோர் சென்ற நூற்றாண்டுக்கும் முன்பே தமிழகத்திலிருந்து சென்றவர்கள். 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர் ஆக்கியது. 1964 அக்டோபரில் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சியோர் 1974-இல் பிரிக்கப்பட்டனர். பங்கிடப்பட்ட மக்களிடம் எவரும் விருப்பம் கேட்கவில்லை. எஞ்சிய நாடற்றோருக்கு இலங்கைக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003-இல்தான் வந்தது.

இன்னொரு பக்கத்தையும் மறைக்கக் கூடாது. 2009 மே மாதத்தில் முடிந்த போரில் வடக்கே மக்கள் பட்ட துன்பம் உலகறிந்தது. தேயிலை அந்த அரசுக்கு அந்நியச் செலாவணி ஈட்டித் தரும் பொருள். மனித உரிமைக் கடப்பாடுகள் நிறைவேற்றப்படவில்லை என்று ஐரோப்பிய ஒன்றியம் 2010 ஆகஸ்டில் இலங்கைக்கு அளித்த வரிச்சலுகையை நிறுத்தியது. 2017-இல் மீண்டும் வழங்கியது. 2011 ஜூன் 8-இல் நம் சட்டப் பேரவை இலங்கை மீது பொருளாதாரத் தடை விதிக்குமாறு நடுவணரசைக் கோரித் தீர்மானம் நிறைவேற்றியது. இவற்றுக்கெல்லாம் காரணமான சினம் நேர்மையானது. நான் மன்றத்தில் பேசியதும் அச்சினத்தில்தான்.

ஆயினும் மலையகத் தொழிலாளர் உலகை நோக்கி என்ன கேட்டனர்? எங்கள் தேயிலையை வாங்காதீர்கள் என்று அவர்கள் கேட்டதாக நான் எங்கும் படிக்கவில்லை. நாட்கூலி 1,000 ரூபாய் வேண்டும் என்று பல ஆண்டுகள் போராடினர். லயன் வீடுகளுக்கு மாற்றாகத் தனி வீடும் காணியும் கேட்டனர். ஒரே தீவில், ஒரே மொழி பேசும் மக்களுள் ஒரு சாராரின் துன்பத்துக்காக நான் எடுத்த ஆயுதம் இன்னொரு சாராரின் கூலியில் பாயும்.

துன்புறுவோரின் குரலைக் கேட்பது எப்போதும் எளிதா என்றால், அதுவும் இல்லை. 2003-இல் அமெரிக்கா பர்மியப் பொருள்களுக்குத் தடை விதித்தபோது ஆடைத் தொழிலில் இருந்த பல்லாயிரம் பெண்கள் வேலை இழந்தனர். 2021 பிப்ரவரியில் அங்கே மீண்டும் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியபோது, முதன்மையான தொழிற்சங்கங்களே முழுத் தடை வேண்டும் என்றன. வேலை போய்விடுமே என அஞ்சிய தொழிலாளரும் இருந்தனர். குரல் இரண்டாகப் பிரியும் இடத்தில் நாம் பொறுமையோடு இரண்டையும் கேட்க வேண்டும். கேளாமல் தீர்ப்பளிப்பதைவிட அது மேல்.

நான்கு உரைகற்கள்

பொன்னை உரைத்துப் பார்ப்பதுபோல், புறக்கணிப்பையும் உரைத்துப் பார்க்க நான்கு கேள்விகள் போதும் என எண்ணுகிறேன்.

ஒன்று: யார் கேட்கிறார்கள்? துன்புறும் மக்களும் அவர்தம் அமைப்புகளும் கேட்டால் அதை மறுப்பதற்கு நமக்கு வலுவான காரணம் வேண்டும்.

இரண்டு: காசு யாரிடம் போகிறது? கொடுமை செய்யும் கைக்கா, உழைக்கும் கைக்கா? கட்டாய உழைப்பால் ஆன பொருளில் உழைப்பவனுக்குச் சேர வேண்டியது பறிக்கப்பட்டுவிடுகிறது. அதை வாங்குவது அவனுக்கு உதவி ஆகாது. கூலி குறைவாயினும் கூலி சேரும் பொருளில் நிலைமை வேறு.

மூன்று: எனக்கு இழப்பு என்ன? நான் எப்போதும் வாங்காத பொருளைப் புறக்கணிப்பது நோன்பு ஆகாது. எங்கள் வீட்டில் இலங்கைத் தேயிலை ஒரு நாளும் வாங்கியதில்லை. நியாயவிலைக் கடைத் தேயிலைதான். அதைக் கிழிப்பேன் என்று முழங்கியதில் எனக்கு ஒரு காசு செலவில்லை.

நான்கு: எப்போது முடியும்? இன்னது நடந்தால் மீண்டும் வாங்குவோம் என்று சொல்லாத புறக்கணிப்பு வெறும் பகையாக முடியும்.

இந்நான்கிலும் தேறினால் துணிந்து புறக்கணிக்கலாம். நாம் மட்டும் செய்யாது பலரைச் சேர்த்துச் செய்ய வேண்டும். தேறாவிடின் வேறு வழி உண்டா? உண்டு என்பதை நான் ஒரு முதியவரிடம் கற்றேன்.

அட்டனிலிருந்து வந்த விடை

விடுமுறையில் ஒரு ஞாயிறு தோழனின் வீட்டுக்குச் சென்றேன். அவன் அன்னையார் தேநீர் தந்தார். கைப்பேசியில் அட்டனில் உள்ள அம்மாயியை அழைத்தான். நலம் விசாரித்த பின் என்னிடம் நீட்டினான். நா உலர்ந்தது. எப்படியோ கேட்டுவிட்டேன்: "நாங்க இலங்கைத் தேயிலைய வாங்காம விட்டா உங்களுக்கு நல்லதா அம்மாயி?"

சிறிது நேரம் மழையோசைதான் கேட்டது. பிறகு குரல் வந்தது. "வாங்குங்க சாமி. வாங்கிட்டு, பறிச்சவளுக்கு எவ்வளவு குடுத்தீங்கன்னு கடைக்காரன்கிட்ட கேளுங்க. ஒருத்தர் கேட்டா சிரிப்பான். ஊரே கேட்டா சொல்லித்தானே ஆகணும்?"

நான் படித்த புத்தகங்களில் இவ்வளவு சுருக்கமாக எவரும் இதைச் சொல்லவில்லை. அவர் ஒருவரின் சொல் மலையகம் முழுவதன் சொல் ஆகாது என்பதை அறிவேன். வடக்கே பிள்ளையை இழந்த தாயிடம் கேட்டால் வேறு விடை வரக்கூடும். அவரிடமும் ஒருநாள் கேட்க வேண்டும்.

அன்று மாலை ரெட்ஹில்ஸ் சாலையில் பேருந்துக்கு நின்றபோது தோழன் ஒன்றும் பேசவில்லை. வண்டி வந்ததும், "பரவாயில்லடா, கேட்டுட்ட" என்றான்.

மாணவ நண்பர்களே! நாம் சம்பாதிக்கத் தொடங்கியதும் வாங்கத் தொடங்குவோம். ஒவ்வொரு பொருளுக்குப் பின்னும் ஒரு கை இருக்கிறது. அது அடிமைக் கையாக இருந்தால் நம் கை பின்வாங்கட்டும். உழைக்கும் கையாக இருந்தால் அதற்கு உரிய கூலி போய்ச் சேர்ந்ததா என்று நம் வாய் கேட்கட்டும். எதுவாயினும், அந்தக் கைக்கு உரியவரைக் கேளாமல் அவர் பொருட்டு முழங்க வேண்டாம். மன்றத்தில் எனக்குக் கிடைத்த பரிசுப் புத்தகத்தைத் தோழனிடமே கொடுத்துவிட்டேன். அந்தச் சொற்போரில் வென்றவன் அவன்தான்.